மேனேஜரின் கப்பல் முங்கிய மறுநாள்

"ஹலோ... ஆமா, மேனேஜர்தான். குட்மார்னிங் எல்லாம் இருக்கட்டும். நேத்து மத்தியானம் என் கப்பல் முங்கினப்ப நீ எங்கய்யா இருந்தே?... பக்கத்துலயா? பக்கத்துல இருந்து என்னத்தக் கிழிச்சே?"

குளியலறை ஓடுகள் விற்கும் கம்பெனியின் கிடங்கு மேனேஜர் அவர். நிஜப் படகில் கால் வைத்தால் குமட்டும். ஆனால் கணினியில் ஆடும் கடற்போர் விளையாட்டில் அவர்தான் அட்மிரல். கிடங்கின் ஆறு குமாஸ்தாக்களும் அவருக்குக் காவல் கப்பல்கள். அவர்களுடைய ஞாயிறு விடுமுறை அதற்கே சரியாகப் போகும். போனின் மறுமுனையில் ஸ்டாக் எழுதும் குமாஸ்தா, இரண்டு வருடமாகத் தற்காலிகம். மாடியின் கண்ணாடி அறையிலிருந்து பார்த்தால், கீழே ஓடுகள் அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவே அவன் நிற்பது தெரிந்தது.

"அது என்ன கப்பல்னு தெரியுமா உனக்கு? இத்தாலிக்காரன் படம் வரைஞ்சான், கட்டல. எந்தக் கடல்லயும் கிடையாது, விளையாட்டுல மட்டும்தான்... ஆமா, ஆமா, மூணு மாசம் ஆடி வாங்கினது... சரி, ஏன் முங்குச்சு?... பேச்சை மாத்தாத! நம்ம வாட்ஸ்அப் குரூப்ல எல்லாரும் பாக்க நீ போட்டதைப் படிக்கிறேன், கேளு. 'சார், பக்கவாட்டுல திரும்பாதீங்க, ஒரே குண்டுல போயிரும்.' எனக்கே புத்தி சொல்றியா?... போச்சு, சரி. அது வேற விஷயம்."

எதிரிக்கு நேராக மூக்கை வைத்துத்தான் போகவேண்டும் என்பது அந்த விளையாட்டின் பாலபாடம். மேனேஜருக்கோ, கப்பலின் நீளத்தையும் புதுப் பெயின்ட்டையும் எதிரி பார்க்காவிட்டால் ஆடி என்ன பயன்? திருப்பினார். எதிரி நன்றாகப் பார்த்துச் சுட்டான்.

"ம்... ம்... நல்லதுக்குத்தான் சொன்னியா? அப்ப ஒண்ணு பண்ணு. 'என் கவனக்குறைவால்தான் சாரின் கப்பல் முங்கியது, மன்னிக்கவும்'னு இப்பவே குரூப்ல போடு. வைக்காத, லைன்லயே இருக்கேன்."

கீழே அவன் தலை குனிந்து தட்டுவதை ரசித்துக்கொண்டே டீயை முடித்தார்.

"வந்துருச்சு. 'மன்னிக்கவும்' ஒண்ணுதான் இருக்கு, இன்னொண்ணு சேத்துப் போடு... ம், இப்ப சரி. கேஷியர் லைக் போட்டுட்டான் பாரு!... என்னது? எந்த ஆர்டர்?... ஓ, பர்மனென்ட் ஆர்டரா! ஆமா, சிபாரிசு அனுப்ப இன்னிக்குத்தான் கடைசி நாள்... பொண்ணு வீட்ல அதைப் பாத்துட்டுத்தான் தேதி குறிப்பாங்களா? அடடா..."

நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"காலைல வந்ததும் உன் ஃபைலை ஹெட் ஆபீசுக்கு அனுப்பிட்டேனேய்யா. 'கீழ்ப்படியும் குணம் இல்லை, நிரந்தரமாக்க வேண்டாம்'னு எழுதி... ஆமா, நீ மன்னிப்பு கேக்கறதுக்கு முன்னாடியேதான்... பின்ன எதுக்குக் கேக்க வெச்சேனா? தப்பு பண்ணினவன் கேக்க வேணாமா?... ஹலோ?... அட, அழறியா? தூணுக்குப் பின்னால போய்யா, லாரிக்காரங்க பாக்கறாங்க... இன்னும் கொஞ்சம் தள்ளி... ம்.

சரி, மூக்கைச் சிந்திட்டுக் கேளு. வர்ற ஞாயிறு மூணு மணிக்கு ஆட்டம். எனக்கு வர்ற குண்டை முன்னால நின்னு வாங்க ஒரு ஆள் வேணும். நீதான்... வரமாட்டியா? அப்ப இந்தத் தற்காலிக வேலையும் வேணாம்ல?... என்ன? சத்தமாச் சொல்லு... அதான பாத்தேன். மூணு மணி. லேட்டா வராத."

போனை வைத்துவிட்டு, இன்னொரு டீ சொன்னார்.