இல்லாததும் தெரியாததும் வேறென்று காட்டியவருக்கு

காவிரி பாயும் பாபநாசத்தில் கணினித் தமிழ் பயிரிட்ட கண்ணியமே! எங்கள் துறைத்தலைவர் பேராசிரியர் அருள்ஜோதி அம்மையீர்! தேநீர் ஆறும்வரை விவாதித்து, ஆறியதையே அருந்த எங்களைப் பழக்கிய அன்புடையீர்! பணிநிறைவு காணும் தங்களை வணங்கி மகிழ்கிறோம்.

மாணவர் தமிழிலேயே நிரல் எழுத 'நாற்று' என்னும் மொழியைத் தாங்கள் வடித்தபோது எழுந்தது ஒரு சிறு வினா. எண் வரவேண்டிய இடத்தில் எண்ணாக மாற்ற முடியாத சொல் வந்தால் மொழி என்ன செய்வது? "ஜீரோன்னு வச்சுக்கிட்டுப் போயிடலாம் மேடம். ப்ரோகிராம் பாதியில நின்னா யாரு பயன்படுத்துவா?" என்றார் நம் துறை ஆசிரியர் செம்மொழி. அனைவரும் தலையாட்டினோம், தாங்களும் அரைமனதாய் இசைந்தீர்கள்.

சோதனைக்காக நாற்றில் எழுதிய பாசனச் செயலிக்குக் கீழ்வேளூர் ரெங்கம்மாள் நாள்தோறும் மழையளவு அனுப்பிவந்தார். ஐப்பசியில் ஒருநாள் மில்லிமீட்டருக்குப் பதிலாக 'ரெண்டு உழவு மழை' என்று எழுதிவிட்டார். ஏர் ஓட்டத்தக்க ஈரம் தரும் மழையை ஓர் உழவு என்பது நம் உழவர் கணக்கு. நாற்றோ அதைச் சுழியமாக்கியது. மழையே இல்லை, மடையைத் திறக்கலாம் என்றது செயலி. வெளியூர் போயிருந்த அவ்வூர்த் தங்கையன் அதை நம்பி, ஆள்விட்டு மடையைத் திறந்தார். ஏற்கெனவே மழைநீர் நின்ற வயலில், நட்டு வேர்பிடிக்காத சம்பாப் பயிர் மூழ்கி அழுகியது.

அந்த வரப்பில் நின்று, "தப்பு எங்களுதுங்க" என்று தங்கையனிடம் கைகூப்பினீர்கள். அழைப்பிதழ் அச்சாகியிருந்த வெளியீட்டு விழாவை மறுநாளே நிறுத்தினீர்கள். கல்லூரி முதல்வர் சினந்தார், நாங்கள் முணுமுணுத்தோம். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லட்டும். இல்லைன்னு சொல்ல அதுக்கு யாரு உரிமை கொடுத்தா?" என்றீர்கள்.

அன்றுமுதல் நாற்றில் எண்மாற்றம் கேட்டால் எண் வரும். அல்லது எண்ணாகவில்லை என்ற விடையும் அதன் காரணமும் வரும். இரண்டுக்கும் வழி சொல்லாத நிரலை அது இயக்கவே இயக்காது. மாணவர்கள் தங்களைத் திட்டிக்கொண்டேதான் கற்றார்கள். திட்டியவர்களே இன்று முன்வரிசையில் மூக்கை உறிஞ்சுகிறார்கள். அடுத்த ஐப்பசியிலும் ரெங்கம்மாள் உழவுக் கணக்கையே அனுப்பினார். "எத்தனை மில்லிமீட்டர்?" என்று செயலி திருப்பிக் கேட்டது, பதில் வரும்வரை மடையைப் பற்றி மூச்சே விடவில்லை. இன்றைய விருந்துச் சோறு, தங்கையன் வயலில் விளைந்து அவரே கொண்டுவந்து இறக்கிய அரிசி.

அம்மையீர்! நூறாண்டு என்று எண் சொல்லி வாழ்த்துவது வழக்கம். தங்களுக்கு எத்தனை ஆண்டு என்று எங்களுக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் ஓர் எண்ணை இட்டு நிரப்பத் தாங்கள் எங்களைப் பழக்கவில்லை. அந்த இடம் நிரம்பாமலே, தங்கள் வாழ்நாள் நோயின்றி நெடிது நீளட்டும்!

இங்ஙனம்,
தங்களை அனுப்ப மனமில்லாத
கணினித் துறையினர்