தரையிறங்கினால்தான் புள்ளி

விமானத்தில் ஜன்னலோரத்தைவிட நடைவழி ஓரத்து இருக்கைதான் வசதி. காலை நீட்டிக்கொள்ளலாம். எழுந்து போக யாருடைய முழங்காலையும் தாண்டவேண்டியதில்லை. இருபத்திரண்டு வருடங்களாக நான் வேறு இடத்தில் உட்கார்ந்ததில்லை. அன்றைக்கும் அக்காவை ஜன்னல் பக்கம் விட்டு, நான் ஓரத்தில் உட்கார்ந்தேன். அதில் எந்தத் திட்டமும் இல்லை, ஐயா. அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

என் வேலை ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது. வாரத்துக்கு மூன்று ஊர். போகிற இடத்தில் எல்லாரும் இயந்திரத்தைப் பார்ப்பார்கள், என்னைப் பார்க்கமாட்டார்கள். "மெஷின்காரர் வந்தாச்சா?" என்பார்கள், அவ்வளவுதான் நான். என் மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டு ஒன்பதாவது வருடம் போய்விட்டாள். பிறகு அக்கா வந்து என் வீட்டோடு இருந்தாள். அப்பா அம்மா போனபின் துணி தைத்து என்னைப் படிக்கவைத்தவள் அவள்தான். நான் ஊரில் இருக்கும் நாட்களில் வாய் ஓயாமல் பேசுவாள். இல்லாத நாட்களில் யாரோடு பேசினாளோ தெரியாது.

இந்த உலகத்தில் என்னைப் பெயர் சொல்லி வரவேற்ற இடம் ஒன்றே ஒன்று. விமான நிலையத்தில் லவுஞ்ச் என்கிற ஓய்வறை, அடிக்கடி பறக்கிறவர்களுக்கு விமானக் கம்பெனி வருடாவருடம் தரும் தங்க அட்டை இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். வாசலில் இருக்கும் பெண் அட்டையைப் பார்ப்பதற்கு முன்பே சிரிப்பாள். "வாங்க சார், போன வாரம் வரலையே?" என்பாள். சர்க்கரை இல்லாத டீ சொல்லாமலே வரும். உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். யாராவது தேடுகிறார்கள் என்பது ஒரு மனிதனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று, தேடப்படுகிறவர்களுக்குத் தெரியாது.

போன ஜனவரியில் விதியை மாற்றினார்கள். அந்த அட்டைக்கு வருடத்துக்கு இத்தனை புள்ளி சேர்க்கவேண்டும், அதுவரை எத்தனை தடவை பறந்தோம் என்பதுதான் புள்ளிக் கணக்கு. இனி எவ்வளவு விலையுள்ள டிக்கெட்டில் பறந்தோம் என்பதுதான் கணக்காம். வருடத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு உல்லாசமாகப் போகிறவர் மேலே போய்விட்டார். வாரம் மூன்று முறை, கம்பெனி வாங்கித் தரும் மலிவு டிக்கெட்டில் முதுகு ஒடிய உட்கார்ந்த நான் கணக்கில் கீழே வந்துவிட்டேன், கையில் இருந்த அட்டை அந்த வருட முடிவு வரைதான். "உங்களுக்காக மேம்படுத்தியிருக்கிறோம்" என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள்.

அந்த மாதமே லவுஞ்ச் வாசலில் ஒருவரைப் பார்த்தேன். பம்ப் விற்கிறவர், பதினைந்து வருடப் பழக்கம், நாங்கள் அவரை 'பம்ப் சார்' என்போம். முந்தின வருடம் பறந்தது குறைந்துபோய், அவருடைய அட்டை பழைய கணக்கிலேயே பறிபோயிருந்தது. அட்டையை நீட்டினார், இயந்திரம் சிவப்பு விளக்கு காட்டியது. அந்தப் பெண் அதே சிரிப்போடு, "சார், கொஞ்சம் ஒதுங்கி நிக்கிறீங்களா?" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைத் தெரியாதவன்போல உள்ளே போனேன். அடுத்த வருடம் அந்த இடத்தில் நான் நிற்பேன் என்ற பயம் அன்று பிடித்தது, பிறகு விடவேயில்லை.

சொந்தப் பணத்தில் பறந்தேன். விடுமுறை நாட்களில், எந்த வேலையும் இல்லாத ஊருக்குப் போய், நிலையத்தை விட்டு வெளியே வராமல் திரும்பினேன். டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதிப் பயணத்தோடு கணக்கு முடிந்திருக்கவேண்டும். பாதி வழியில் பின்வரிசைப் பெரியவர் ஒருவருக்கு நெஞ்சுவலி. விமானத்தைத் திருப்பிவிட்டார்கள். பயணம் முழுமையடையாததால் புள்ளி கிடையாது என்றார்கள். மாற்று விமானத்தில் போனாலும் இந்த டிக்கெட்டுக்குக் கிடையாதாம். அன்று இரவே ஏழு மின்னஞ்சல் அனுப்பினேன், ஏழுக்கும் ஒரே பதில். அந்தப் பெரியவர் பிழைத்துவிட்டாராம், மறுநாள் செய்தியில் படித்தேன். நல்லது.

மிச்சம் இருந்தது முப்பத்தொன்றாம் தேதி மட்டும். இடம் இருந்தது ஒரே ஒரு மதிய விமானத்தில். நான் மட்டும் எவ்வளவு விலை கொடுத்துப் போனாலும் குறைகிற புள்ளியில் பாதிதான் தேறும். ஒருத்தன் எத்தனை இருக்கையில் உட்காரமுடியும்? ஆனால் குடும்பக் கணக்கு என்று ஒன்று உண்டு. வீட்டில் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம், அவர் பறந்தாலும் புள்ளி நமக்கு வரும். எனக்கு வீடு என்றால் அக்காதான்.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து எட்டு நாள் ஆகியிருந்தது. நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று கசிந்திருந்தது. ஆறு வாரத்துக்கு விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தக் காகிதம் என் பையில் இருந்ததை நீங்கள் எடுத்துவிட்டீர்கள். அக்காவின் ஸ்கேன் படத்தையும் நான் பார்த்தேன். படம் படிக்கத் தெரியாது என்று நேற்றுச் சொன்னது பொய். மேலே போனால் நெஞ்சுக்குள் இருக்கும் காற்று விரியும் என்பது என் தொழிலில் இருக்கிற எவனுக்கும் தெரியும்.

"எனக்கு எதுக்குடா பிளேனு? டாக்டர் வேணாம்னாரே" என்றாள் அக்கா.

"அது எல்லாருக்கும் பொதுவா சொல்றதுதான்க்கா. ரெண்டு மணி நேரம்கூட இல்ல."

"அந்த அட்டைக்காகவா?"

"ஆமாக்கா."

"அப்ப சரி. நீ கூட இருக்கேல்ல, அப்புறம் என்ன" என்றாள். தானே தைத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். முதல் தடவை விமானம் ஏறுகிறாள். மேகத்தைப் பார்த்து, "யாரோ பஞ்சைப் பிரிச்சுப் போட்டுட்டு அள்ளாமப் போயிட்டாங்கடா" என்று சிரித்தாள்.

நாற்பதாவது நிமிடம் சிரிப்பு நின்றது. "தம்பி, மூச்சு முட்டுதுடா." தண்ணீர் கொடுத்தேன். சட்டையின் மேல் பொத்தானை நானே கழற்றிவிட்டேன். உதடு நீலமாகத் தொடங்கியது. தலைக்கு மேல் இருந்த அழைப்பு மணியைப் பார்த்தாள்.

"அத அடிச்சா பிளேன் திரும்பிடுமாடா?"

"திரும்பிடும்க்கா."

"அப்ப வேணாம், விடு" என்று சொல்லி, உயர்த்திய கையை அவளாகவே இறக்கிக்கொண்டாள். முதல் நாள் வாக்குமூலத்தில் இப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். அவள் என்மீது வைத்திருந்த பாசத்துக்கு அது பொருத்தமாக இருந்தது. எழுதியபோது நானே அதை நம்பினேன்.

இப்போது நீங்கள் இந்தப் புகைப்படத்தை மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். அக்காவின் மணிக்கட்டில் நான்கு விரல் தடம் தெளிவாகத்தான் இருக்கிறது. சரி, சொல்கிறேன். அவள் கேள்வி கேட்டாள், நான் பதில் சொன்னேன், அதுவரை உண்மை. "வேணாம்" என்று அவள் சொல்லவில்லை. "பரவால்லடா, அடி" என்றாள். நான் அடிக்கவில்லை. அவள் கை உயர்ந்தது, நான் பிடித்துக் கீழே வைத்தேன். இரண்டாம் தடவை உயர்ந்தது. பிறகு நான் விடவில்லை. பேச அவளுக்கு மூச்சு இல்லை, என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் முன் இருக்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பணிப்பெண் வந்து, "அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா சார்?" என்று கேட்டாள். "தூங்கறாங்க. நேத்து சரியாத் தூங்கல" என்று போர்வையை மோவாய் வரை இழுத்துவிட்டேன். போர்வைக்கு அடியில் அவள் விரல்கள் என் கையைச் சுரண்டின. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டன. அப்போது இன்னும் ஐம்பது நிமிடம் மிச்சம் இருந்தது. செத்தவளுக்காகவும் திருப்பிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது, அதனால் பிடித்தபடியே இருந்தேன். சக்கரம் தரையைத் தொட்டதும் மணியை அடித்தது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அக்காவை இறக்கிக்கொண்டிருந்தபோதே கைபேசியில் வாழ்த்துச் செய்தி வந்துவிட்டது. இரண்டு பேருடைய புள்ளியும் ஏறியிருந்தது. இன்னும் ஒரு வருடத்துக்குத் தங்க அட்டை. அதைத் தபாலில் அனுப்புவார்கள், பத்தாம் தேதிக்குள் வரும். வீட்டுக்கு யாரையாவது அனுப்ப முடியுமா, ஐயா? கையெழுத்துப் போட்டு வாங்க ஆள் இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொரு வருடமும் அக்காதான் வாங்கி வைப்பாள்.