ராணியம்மாளைக் கட்டிப்போட்ட கிணறு

மேடையில் அமர்ந்திருக்கும் உழவர் சங்க மாவட்டத் தலைவர் பெரியவர் பரசுராமன் அவர்களே! மாலை போட்ட படத்துக்கு நேர் எதிரே, அம்மாவைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் சிந்துஜாவே! அடி அண்ணாமலை கிராமத்துத் தாய்மார்களே, பெரியோர்களே, பந்தலில் இடமில்லாமல் வெயிலில் நிற்கும் தம்பிமார்களே! உங்கள் எல்லோரையும் கனத்த நெஞ்சோடு வணங்குகிறேன்.

நம் கிளைச் சங்கத் தலைவி ராணியம்மாள் இன்று நம்மோடு இல்லை. கிளைச் செயலாளர், அவருடைய கிணற்றுப் பங்காளி என்ற முறையில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வேலையும் கொடுத்திருக்கிறார்கள். "புகழேந்தி, பேசி முடிச்சதும் ராணியம்மா தோள்ல கெடந்த பச்சைத் துண்டை உன் கையாலயே சிந்துஜா தோள்ல போட்டுடு. அடுத்த தலைவி அந்தப் பொண்ணுதான்" என்றார் தலைவர். துண்டு இதோ, துவைத்து மடித்து மேசைமேல் இருக்கிறது.

ராணியம்மாள் யார்? வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மலைக்கும் கிரிவலப் பாதைக்கும் நடுவில் எங்கள் கிணறு இருக்கிறது. கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று, பங்காளிக் குடும்பம் ஐந்து. இன்றைக்கு அவர் வீட்டு மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, தண்ணீர் பாய்ந்தால் நாளைக்கு என் வீட்டு நெல்லுக்குப் பாயும். இலவச மின் இணைப்பு மட்டும் ஒருவர் பெயரில்தான் இருக்க முடியும். கணவர் போன பிறகு அது ராணியம்மாள் பெயருக்கு வந்தது. அவர் தன் நிலத்தை வெளியாளுக்கு விற்றால் இணைப்பும் கைமாறும். மற்ற நான்கு வீட்டுக் கழனியும் காய வேண்டியதுதான்.

யாரும் கேட்கவில்லையா? கேட்டார்கள்! வெளிநாட்டுக்காரர்கள் தங்குவதற்கு அறை கட்ட இடம் தேடி ரமணாசிரமத்துப் பக்கமிருந்து தரகர்கள் வரிசை கட்டி வந்தார்கள். எங்கள் பரம்பரையே கேள்விப்படாத விலை சொன்னார்கள். ராணியக்கா காபி கொடுத்து அனுப்பிவிட்டார். "நான் பாட்டுக்கு வித்துட்டுப் போயிடுவேன்யா. மீதி நாலு வூடு இன்னா பண்ணும்?" என்றார். அந்த நாலு வீட்டில் ஒன்று என் வீடு! அவர் விற்காத நிலத்தின் சோற்றைத் தின்றுவிட்டுத்தான் இங்கே நின்று பேசுகிறேன்.

விற்காவிட்டால் விளைச்சலையாவது பெருக்கலாம் என்று இரண்டு பேரும் வேங்கிக்காலுக்குப் போனோம். கலெக்டர் ஆபீசில் விவசாயிகள் குறைதீர்ப்பு நாள். இளம் அதிகாரி ஒருவர், தங்கமான மனிதர், புதுத் திட்டங்களைப் பொறுமையாக விளக்கினார். சூரிய ஒளி மோட்டாராம், சொட்டு நீராம், மானியம் நேராகக் கணக்குக்கே வந்துவிடுமாம். அக்கா எழுந்தார்.

"ஐயா, எங்களுக்குக் கெணறு ஒண்ணு, குடும்பம் அஞ்சு. யார் பேருக்குத் தருவீங்க?"

"ஒருத்தர் பேருக்குத்தாம்மா தர முடியும். மத்தவங்க பங்கை எழுதிக் கொடுத்துடணும்."

"எழுதிக் கொடுத்துட்டு அவங்க எங்க போவாங்க?"

அவர் என்ன செய்வார் பாவம், விதியை அவரா எழுதினார்? "ஊர்ல பேசி முடிச்சுட்டு வாங்கம்மா" என்றார். அக்கா உட்கார்ந்துவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னிடம் சொன்னார்: "தம்பி, இந்தக் கெணத்துல தண்ணி வத்துனாத்தான் நமக்கெல்லாம் விடுதலை போலக்கீது." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெரிய மாநாடுகளில் பேசுகிறார்கள், உழவன் நிலத்தை விட்டுத் தொழிலுக்குப் பெயர வேண்டும், அப்போதுதான் நாடு முன்னேறும் என்று. பெயரட்டும்! யார் வேண்டாம் என்றது? ஆனால் ஒருவன் பெயர்ந்தால் நான்கு பேர் அடுப்பு அணையுமே, அதற்கு அந்த மாநாட்டில் யாராவது பதில் சொன்னார்களா?

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் ஒரு கதையைச் சொன்னீர்கள். ராமேஸ்வரம் கதை. ஊர்ப் பெண்களோடு அக்கா ஆசை ஆசையாய்க் கிளம்பினார். அதுவரை அவர் கடலைப் பார்த்ததில்லை. வேன் திருக்கோவிலூர் தாண்டுவதற்குள் நம்மில் ஒருவர் போன் போட்டார், மோட்டார் காயில் எரிந்துவிட்டது, இணைப்பு உங்கள் பெயரில்தான் இருக்கிறது, மின்வாரியத்தில் கையெழுத்துப் போட நீங்கள் வந்தால்தான் ஆகும் என்று. "சரி, வரேன்" என்றாராம். அங்கேயே இறங்கி, பஸ் பிடித்துத் திரும்பிவிட்டார். என்ன தியாகம் என்று நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அதற்கப்புறம் அவரைக் கடலுக்கு யார் அழைத்துப் போனோம்? கடைசிவரைக்கும் அவர் கடலைப் பார்க்கவே இல்லையே!

சாவாவது அவரைச் சும்மா விட்டதா? பௌர்ணமி அன்று மாலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பௌர்ணமியன்று நம் ஊரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? கிரிவலப் பாதை முழுக்க ஜனக்கடல். ஆம்புலன்ஸ் அந்தப் பக்கம் நிற்கிறது, நாங்கள் கட்டிலோடு இந்தப் பக்கம் நிற்கிறோம். பக்தர்கள் கையெடுத்துக் கும்பிட்டு விலகி விலகித்தான் விட்டார்கள். யாரைக் குறை சொல்வது? போய்ச் சேர்வதற்குள் மூச்சு அடங்கிவிட்டது. பிழைப்பதற்குக்கூட அந்த அம்மாவால் ஊரை விட்டு வெளியே போக முடியவில்லை.

இப்போது சிந்துஜாவுக்கு வருகிறேன். டிப்ளமோ முடித்த பெண். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும். மின் இணைப்பு இனி அவள் பெயருக்கு வரும், கூடவே துண்டும் வரும். காலையில் அவளிடம், "மேடைல துண்டு போடப் போறாங்கம்மா, தெரியுமா?" என்று கேட்டேன்.

"சரி மாமா" என்றாள்.

அந்தச் "சரி" எனக்குத் தெரியும். அது சம்மதம் இல்லை. இருபத்திரண்டு வயதுப் பெண் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்காருகிற சத்தம் அது. நாம் கெட்டவர்கள் இல்லை. அவள் அம்மாமேல் வைத்த பாசத்தில்தான் இதைச் செய்கிறோம். ஆனால் பாசத்தில் கட்டினாலும் கயிறு கயிறுதானே?

தலைவர் மன்னிக்க வேண்டும். இந்தத் துண்டை நான் அவள் தோளில் போட மாட்டேன். சலசலக்காதீர்கள்! கிணற்றுப் பங்காளிகள் வேடியப்பனும் மணிவேலும் கலையரசனும் இங்கேதான் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் சொல்கிறேன். இணைப்பை என் பெயருக்கு மாற்றுங்கள். அவள் கழனியை நாம் நால்வரும் பயிர் செய்வோம், விளைச்சலில் அவள் பங்கை அவளுக்கு அனுப்புவோம். மின்வாரியம் மாற்றித் தர மாட்டேன் என்றால் வேங்கிக்காலுக்கு நான் நடையாய் நடக்கிறேன். ராணியம்மாள் விட்ட சங்கப் பணியையும் நானே சுமக்கிறேன். இது அவர் படத்தின் முன்னால் நான் எடுக்கும் உறுதி.

இதைக் கேட்டு என்னைப் புகழ்ந்துவிடாதீர்கள். எனக்கு ஐம்பத்தெட்டு வயது, ஏரைத் தவிர வேறொன்றும் தெரியாது, என்னை எந்த ஓசூரும் கூப்பிடவில்லை. நாளைக்கு எனக்கும் இதே பந்தலில் கூட்டம் போடுவீர்கள். அன்றைக்குத் தியாகி என்று சொல்லாதீர்கள். போக இடமில்லாமல் கிடந்தான் என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

அக்கா, உங்கள் பெண்ணை அனுப்பி வைக்கிறேன். சிந்துஜா, எழுந்திரும்மா. போயிட்டு வா.