இருபத்திரண்டு புள்ளி நாலு

எனது பெயரும் தகப்பனார் பெயரும் இந்தத் தாளின் தலைப்பில் எழுத்தர் அம்மாவால் எழுதப்பட்டுள்ளன. வயது அறுபத்தேழு. தொழில் பூட்டு பழுது பார்த்தல், சாவி வெட்டுதல். இரண்டு வருடமாகக் கடை மூடிக் கிடக்கிறது. அந்தக் கடைக்கு மேல்மாடியில், பதினேழு படி ஏறி இடது கைக் கதவில், தனியாக வசித்து வருகிறேன். நாணயம் சேர்ப்பவர்கள் மத்தியில் என்னைத் தராசுக்காரர் என்று கூப்பிடுவார்கள். இன்று காலை யாரும் அழைக்காமல் நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து, ஒன்பது நாட்களுக்கு முன் என் வீட்டில் வைத்துக் காவலர் ஒருவரிடம் நான் சொன்னது பொய் என்று தெரிவித்துக் கீழ்க்கண்டவாறு வாக்குமூலம் தருகிறேன்.

வாசகசாலை மாடியில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நாணயம் சேர்ப்பவர்கள் கூடுவது வழக்கம். பதினொரு வருடமாக அங்கே ஜன்னலோர மேசை என்னுடையது. மேசைமேல் ஒரு விளக்கு, ஒரு லென்ஸ், உள்ளங்கை அகலத்தில் நம்பர் காட்டும் சின்னத் தராசு. புதிதாக வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் என்னிடம்தான் அனுப்புவார்கள். நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான். நாணயத்தைக் கழுவாதே, தேய்க்காதே. விளிம்பைப் பிடித்துத் தூக்கு, முகத்தில் விரல் வைக்காதே. மெத்தென்ற பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால் பச்சை பிடிக்கும். நாணயம் வாங்குவதற்கு முன்னால் அதைப் பற்றிய புத்தகத்தை வாங்கு. பார்க்கும்போது முதலில் எடை, அடுத்து விளிம்பு, கடைசியில்தான் முகம். ஏனென்றால் கள்ள நாணயம் செய்கிறவன் முகத்துக்குத்தான் மெனக்கெடுவான். கடைசியாக ஒன்று சொல்வேன்: "என் பேச்சை மட்டும் நம்பாதீங்க. இன்னொருத்தர்கிட்டயும் காட்டுங்க." இந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இந்த வழக்கில் புகார் கொடுத்திருக்கும் பல் டாக்டரும் அப்படி வந்தவர்தான். முதல் நாள் ஒரு பழைய வெள்ளி நாணயத்தைத் தன் ஆஸ்பத்திரி மெஷினிலேயே பாலிஷ் போட்டு, பளபளவென்று கொண்டு வந்து நீட்டினார். "டாக்டர், அதுக்கு என்ன பல்வலியா? அந்தக் கறுப்புக்குத்தான் மதிப்பே. இப்ப இது வெறும் வெள்ளித் துண்டு" என்றேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அதன் பிறகு அவர் என் சொல்லை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அவர் பேரில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

என் மனைவி அந்த மேசையில் எனக்கு வலது பக்கம் உட்காருவாள். நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ள வந்தவள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நான்கு வருடத்துக்கு முன் என் இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்விட்டது. ஓரம் தெரியும், நேரே பார்ப்பது தெரியாது. தெருவில் நடந்து போவேன், படி ஏறுவேன். ஆனால் எதிரே நிற்கிறவரின் காது தெரியும், முகம் தெரியாது. திரும்பாது என்று கண் டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்ததும், இனி அந்த மேசை வேண்டாம் என்று மனைவியிடம் சொன்னேன். அதற்கு அவள், "கண்ணுதானே போச்சு, கை போகலையே. நம்பரை நான் சொல்றேன், மீதியை நீங்க பாருங்க" என்றாள்.

அன்று முதல் நான் நாணயத்தைத் தராசில் வைத்ததும், நோட்டில் எழுதிக்கொள்கிறவள் போல அவள் எடையைச் சத்தமாக வாசிப்பாள். விளிம்பில் கள்ள வார்ப்பின் ஒட்டுக்கோடு தெரிந்தால் டீ டம்ளரை என் பக்கம் நகர்த்துவாள். நான் உடனே "இது சரியில்ல" என்பேன். மூன்று வருடத்துக்கு மேல் இப்படியே நடந்தது. ஒரு வாக்கும் பிசகவில்லை. பேர் எனக்கு, பார்வை அவளுக்கு. ஒருவருக்கும் தெரியாது.

நல்ல நாணயம் என்றால் ஒரு சீட்டும் கொடுப்போம். பழைய காலண்டர் தாளை அளவாக வெட்டி, பின்பக்கத்தில் அவள் முன்கூட்டியே எழுதி வைப்பாள்: 'எடை பார்த்தாயிற்று. விளிம்பு பார்த்தாயிற்று. முகம் பார்த்தாயிற்று. நல்ல நாணயம்.' கீழே இடம் விட்டிருப்பாள். அதில் நான் கையெழுத்துப் போடுவேன்.

பத்து மாதத்துக்கு முன் என் மனைவி மாரடைப்பில் இறந்துபோனாள். நான் பக்கத்து அறையில் இருந்தேன். விழுந்த சத்தம் கேட்டுத்தான் போனேன். கடைசியில் அவள் முகம் அமைதியாக இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். சொல்லக் கேட்டதுதான் எனக்குத் தெரியும். இதற்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம் என்று ஆய்வாளர் கேட்டார். சம்பந்தம் இருக்கிறது, தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு நான் மேசையை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. மாதத்தில் அந்த ஒரு நாள்தான் நாலு மனிதர்கள் என்னிடம் வந்து பேசினார்கள். மற்ற நாட்களில் என் குரலை நானே கேட்பதில்லை. டப்பாவில் அவள் எழுதி வைத்த சீட்டு பன்னிரண்டு மிச்சமிருந்தது. விரலால் தடவியும் தட்டி ஓசை கேட்டும் சமாளித்துவிடலாம் என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். சந்தேகம் வந்தவற்றை "இன்னும் பார்க்கணும்" என்று திருப்பிக் கொடுத்தேன். அத்துடன் அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்வதை நிறுத்திக்கொண்டேன். இன்னொருவரிடம் காட்டினால் என் குட்டு உடைந்துவிடும். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன், தனக்கு ஆபத்து என்றதும் உபதேசத்தில் பாதியை விழுங்கிவிட்டேன்.

இரண்டு மாதத்துக்கு முன், முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி சுமாருக்கு இந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டிருக்கும் பஸ் கண்டக்டர் அம்மா என் மேசைக்கு வந்தார். டூட்டி முடிந்து நேரே வந்ததாகச் சொன்னார். தோளில் தோல் பை இருந்தது. பையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வைத்து, "எங்க அண்ணன் செத்துட்டாரு சார். இதைத் தவிர ஒண்ணும் வெச்சுட்டுப் போகல. இதுல எது உசத்தி, எது சும்மான்னு எனக்குத் தெரியாது. நாள் முழுக்க சில்லறையிலேயே கெடக்கிறேன், இந்தச் சில்லறை புரியல" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. முக்கால் மணி நேரம் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்டார், கேட்டதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அதன் பிறகு டப்பாவின் அடியில் துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு பெரிய வெள்ளி நாணயத்தைக் கொடுத்தார். அண்ணன் அதைத்தான் எல்லாவற்றிலும் உயர்வாகச் சொல்வாராம். விளிம்பின் வரிகள் விரலுக்குச் சரியாகவே பட்டன. தட்டிப் பார்த்ததில் ஓசை கொஞ்சம் மட்டமாகக் கேட்டது. கீழே தெருவில் லாரி போன சத்தத்தில் அப்படிக் கேட்டிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதன் பிறகு நாணயத்தைத் தராசில் வைத்தேன். வைத்துவிட்டுக் குனிந்தபடி வலது பக்கம் காது கொடுத்துக் காத்திருந்தேன். எட்டு மாதமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. குரல் வரவில்லை. இனி வராது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. எதிரே அந்த அம்மா காத்திருந்தார். எவ்வளவு காட்டுகிறது என்று அவரிடம் கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தைதான். வெட்கப்பட்டுக்கொண்டு, "சரியா இருக்கு" என்றேன்.

சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபோது அவர், "இதை வேற யார்கிட்டயாவது காட்டிக்கணுமா சார்?" என்று கேட்டார். நான் சொல்ல வேண்டியதை அவரே கேட்டார். "எதுக்கு? நான்தான் பார்த்துட்டேனே" என்றேன். கண் தெரியாதது என் குற்றமில்லை. இதுதான் என் குற்றம்.

மறு வாரம் அந்த நாணயத்தைப் பல் டாக்டர் விரும்பிக் கேட்டதாகவும், வீட்டுக் கூரை ஒழுகுவதால் அந்த அம்மா விலைக்குக் கொடுத்துவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். தராசுக்காரர் சீட்டே இருக்கும்போது தராசு எதற்கு என்று டாக்டர் எடை பார்க்காமல் வாங்கியிருக்கிறார். பிறகு சொந்தமாக ஒரு தராசு வாங்கி, வீட்டில் இருப்பதையெல்லாம் நிறுத்துப் பார்த்தபோது இது எடை குறைந்திருக்கிறது. சீட்டில் எழுத்து ஒரு கை, கையெழுத்து ஒரு கை என்று அப்போதுதான் கண்டு, அந்த அம்மாவே பொய்ச் சீட்டு எழுதி ஏமாற்றியதாகப் புகார் கொடுத்திருக்கிறார்.

ஒன்பது நாட்களுக்கு முன் காவலர் அந்தச் சீட்டுடன் என் வீட்டுக்கு வந்து, "பெரியவரே, இது நீங்க கொடுத்ததா? பார்த்துச் சொல்லுங்க" என்று கையில் கொடுத்தார். எழுத்து தெரியவில்லை. ஆனால் கட்டைவிரலில் காலண்டர் தாளின் வழவழப்பு பட்டது. யார் வெட்டிய தாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆமாம் என்றால் வாசிக்கச் சொல்வார், நாணயத்தைக் காட்டுவார், எல்லாம் வெளியே வரும். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்ப்பது போலப் பாவனை செய்து, "இது என்னோடது இல்ல" என்று சொன்னேன். என் மனைவியின் எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னேன். அன்று மாலையே அந்த அம்மா கைது செய்யப்பட்டார். இரண்டு நாள் கழித்து ஜாமீனில் வந்தார். பஸ் டூட்டியிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

நேற்று மாலை ஐந்து மணிக்கு அவர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "சண்டை போட வரல சார். ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சுக்கணும். அது எவ்வளவு எடை இருக்கணும்?" என்றார். இருபத்தேழு கிராம் என்றேன்.

"அன்னிக்கு இருபத்திரண்டு புள்ளி நாலுன்னு காட்டுச்சு சார். நானும் பார்த்தேன், நீங்களும் குனிஞ்சு பார்த்தீங்க. சரின்னீங்க. அதுதான் சரியான எடை போலன்னு நெனச்சேன். டிக்கெட் கிழிக்கிறவளுக்கு நம்பர் மறக்காது." போகத் திரும்பியவர் இன்னொன்றும் கேட்டார்: "அந்தச் சீட்டு உங்களோடது இல்லைன்னு சொன்னீங்களாமே. பார்த்துத்தான் சொன்னீங்களா?"

"பார்த்துத்தான் சொன்னேன்" என்றேன். அப்போதும் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சரி என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். எட்டாவது படியில் நின்றார். திரும்பி வருவாரா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். வரவில்லை. மீதி ஒன்பது படியையும் இறங்கினார். இரவெல்லாம் அந்த எட்டாவது படியிலேயே என் நினைப்பு நின்றுகொண்டிருந்தது. விடிந்ததும் கிளம்பி இங்கே வந்தேன்.

நான் சொல்வதை ஆய்வாளர் முதலில் நம்பவில்லை. யாருக்கும் இடிக்காமல் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவருக்கு எப்படிக் கண் தெரியாது என்றார். அதன் பிறகு மேற்படி நாணயத்தை வரவழைத்து, நான் கொண்டுவந்திருந்த தராசிலேயே வைத்து, "எவ்வளவு காட்டுது, வாசிங்க" என்றார். குனிந்தேன். சாம்பல் நிறமாக ஒரு கறை தெரிந்தது. எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். இந்த நான்கு வருடத்தில் வேறு மனிதர் முன்னால் இதைச் சொன்னது இதுவே முதல் தடவை. அப்போது எனக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்த எழுத்தர் அம்மா, "இருபத்திரண்டு புள்ளி நாலு" என்று வாசித்தார்.

"குறையுது. இது நல்ல நாணயம் இல்ல" என்றேன். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதும் இதுதான். அதன் பிறகு எனக்கு அழுகை வந்ததால் பத்து நிமிடம் வாக்குமூலம் நிறுத்தி வைக்கப்பட்டு, தண்ணீர் கொடுக்கப்பட்டு, மீண்டும் தொடரப்பட்டது.

மேற்படி சீட்டில் உள்ள எழுத்து என் மனைவியுடையது. கையெழுத்து என்னுடையது. கண்டக்டர் அம்மா அதில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. அவரும் நானும் கூட்டு இல்லை. அவர் நாணயத்தை நல்லது என்று நம்பியது என் ஒருவன் பேச்சால் மட்டுமே. எழுத்தை ஒப்பிட்டுப் பார்க்க, என் மனைவி எழுதி மிச்சமிருக்கும் சீட்டுகள் பதினொன்றையும் டப்பாவுடன் ஒப்படைக்கிறேன். அவள் எழுத்தில் என்னிடம் இருப்பது இவ்வளவுதான். நோட்டுப் புத்தகங்களில் அவள் எதையும் எழுதியதில்லை, எழுதுவது போலக் காட்டியது மட்டும்தான். வழக்கு முடிந்ததும் ஒன்றையாவது திருப்பித் தந்தால் போதும். என்னால் வாசிக்க முடியாது, தொட்டுப் பார்த்துக்கொள்வேன். அதற்கு முன்னால் அந்த அம்மாவை மறுபடியும் பஸ் டூட்டியில் ஏற்றிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் மேல் என்ன வழக்கு வந்தாலும் சம்மதம்.

மேலே கண்டவை யாவும் நானே சொன்னவை, உண்மையானவை. என்னால் படிக்க இயலாததால் எழுத்தர் அம்மா முழுவதையும் வாசிக்க, வார்த்தை வார்த்தையாகக் கேட்டேன். சரியாக இருக்கிறது. ஆனாலும் என் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். இன்னொருவரும் ஒரு தரம் பார்த்துவிடட்டும்.

(எழுத்தர் விரல் பிடித்து வைத்துக் காட்டிய இடத்தில் இட்ட கையெழுத்து)