பர்ஸ் தூங்கும்போது

— “அத்தை, பர்ஸ் தூங்கும்போது காசு வளருமா?” என் ப்ளாக்ல புதுப் பதிவுக்கு இதான்டா தலைப்பு. போன வாரம் உன் பொண்ணு என் மடியில உக்காந்து கேட்டது. ஒரு எழுத்து மாத்தாம அப்படியே போட்டேன்.

— அதுக்கா இவ்வளவு பேர் வந்திருக்காங்க? அக்கா, விளம்பரக் கம்பெனியில இத்தன வருஷமா குப்பை கொட்டறேன். நாங்க தலைகீழா நின்னாலும் ஒரு பதிவுக்கு இந்தக் கூட்டம் வராது. என்னதான் எழுதின?

— “தானா வளராதும்மா, யாராவது வெச்சாத்தான் இருக்கும்.” ஒவ்வொரு வீட்லயும் யாரோ ஒருத்தர் சத்தமில்லாம வெச்சுக்கிட்டு இருக்காங்கன்னு எழுதினேன். அவ்வளவுதான்.

— ம். நம்பர் பொய் சொல்லாது. நல்லாத்தான் ஓடுது.

— இன்னும் ஓடணும்னுதான் உன்னைக் கூப்பிட்டேன். பல் டாக்டர்கிட்ட டோக்கன் குடுக்கறவ வீட்டுச் செலவப் பத்தி ப்ளாக் எழுதினா யாருக்குத் தெரியும்? நீதான் வழி சொல்லணும். ஆனா செவ்வாக்கிழமை பட்டப்பகல்ல வருவியான்னு சந்தேகமா இருந்தது. போன வெக்கறதுக்குள்ள வந்து நிக்கற.

— லீவு போட்டேன்.

— நல்ல ஆபீஸ்.

— முதல்ல இந்த விளம்பரத்தப் போடு. உடனடிக் கடன் ஆப். மாசாமாசம் உனக்குப் பணம் வரும்.

— செலவக் குறைக்க வழி தேடி வர்றவங்ககிட்ட கடனை விக்கறதா? தாகம்னு வந்தவங்களுக்கு உப்புத்தண்ணி ஊத்தற மாதிரி. சாமிக்கே அடுக்காது.

— சாமி எதுக்கு இதுல வர்றாரு? நல்ல ஆப்தான்க்கா. பேரு, போன் நம்பர், ஒரு செல்ஃபி. கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள பணம் அக்கவுன்ட்ல.

— நீயே எடுத்துப் பாத்த மாதிரி சொல்ற.

— நான் எங்க எடுத்தேன். விளம்பரம் எழுதறவனுக்குத் தெரியாதா? அத விடு. அடுத்து என்ன எழுதணும்னு எப்படி முடிவு பண்ற?

— இந்தப் பெட்டியப் பாத்துதான்.

— எது, மேல மூலையில இருக்கற “தேடு” பெட்டியா? அதுல யாரு தேடப் போறா?

— எல்லாரும்தான். பாவம், அது பதில் சொல்லும்னு நெனச்சுக்கிட்டு மனசுல இருக்கறதெல்லாம் எழுதறாங்க, சாமிகிட்ட முணுமுணுக்கற மாதிரி. அவங்க கேட்டத மறுநாள் பதிவாப் போட்டுடுவேன். என் வியாபார ரகசியம் அவ்வளவுதான்.

— இரு இரு. அதுல எழுதறதெல்லாம் உனக்குத் தெரியுமா?

— எழுதினவங்க யாருன்னு தெரியாது. எழுதினது மட்டும் வரிசையா நிக்கும். ஏன்டா, முகம் ஒரு மாதிரி ஆகுது? இத்தன வருஷம் குப்பை கொட்டினவனுக்கு இது தெரியாதா?

— நாங்க பெரிய கடைகளுக்குத்தான் பண்ணுவோம். இந்தச் சின்னப் பெட்டியெல்லாம் யாரு பாக்கறா. சரி, என்னதான் கேக்கறாங்க? படி.

— “பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிட்டுப் போன ஏணியத் திருப்பிக் கேக்கறது எப்படி.”

— இதுக்கு என்ன பதில்?

— ஏணியக் கேக்காதீங்க, எங்க வீட்ல பல்பு மாத்தணும், கொஞ்சம் ஒத்தாசைக்கு வாங்கன்னு கூப்பிடுங்க. ஏணியும் வரும், மனுஷனும் வருவார்.

— கெட்டிக்காரிதான். அப்புறம்?

— “புருஷன்கிட்ட கை நீட்டாம பஸ்ஸுக்குக் காசு சேக்கறது எப்படி.”

— ப்ச். யாரோ பாவம். நானெல்லாம் என் பொண்டாட்டியக் கேக்க விட்டதே இல்லக்கா. பாப்பா பொறந்து அவ வேலைய விட்டப்ப, அவ குளிக்கப் போனதும் ஹேண்ட்பேக்ல கொஞ்சம் வெச்சுடுவேன். இன்னை வரைக்கும் அவளுக்குத் தெரியாது. தானே வெச்சுட்டு மறந்துட்டோம்னு நெனச்சுக்கிட்டா.

— அப்படியா நெனச்சா?

— சத்தியமா. அவ கணக்குல கொஞ்சம் மட்டு. என்னைப் பாரு, இந்த மாசம் எவ்வளவு எடுத்தாலும் பர்ஸ்ல காசு மிச்சம் இருக்கு. உன் ப்ளாக்கப் படிச்சுப் படிச்சு சிக்கனம் வந்துடுச்சு போல.

— என் எழுத்துக்கு அவ்வளவு சக்தி இருந்தா உன் மாமாவ முதல்ல திருத்தியிருப்பேன். அடுத்ததக் கேளு. “சம்பளம் வராத மாசத்துல, வந்த மாதிரி வீட்ல காட்டறது எப்படி.”

— அடுத்ததப் படி.

— அதே ஆளுதான் போல. “டிபன் பாக்ஸோட காலையில கெளம்பினா, சாயந்திரம் வரைக்கும் செலவில்லாம எங்க உக்காரலாம்.”

— அடுத்ததப் படிக்கா.

— “பூனைக்காசும் தீரப்போகுது. கடன் ஆப்ல எடுக்கலாமா.”

— போதும்க்கா, நிறுத்து.

— அவசரத்துக்குன்னு அப்பா அந்தப் பூனை பொம்மைக்குள்ள காசு போட்டு வெப்பாரே. பூனைக்காசுங்கறது அவர் வெச்ச பேரு. உலகத்துல அந்த வார்த்தையச் சொல்றது நீயும் நானும்தான்னு நெனச்சேன். நான் தேடலடா.

— எப்ப தெரிஞ்சுது?

— கொஞ்ச நாளாச்சு. நேராக் கேட்டா சிரிச்சு மழுப்பிடுவ. அதான் ப்ளாக்க வளத்துக் குடுன்னு கூப்பிட்டேன். ஆப்ல எடுத்துட்டியா?

— இன்னும் இல்ல. செல்ஃபி வரைக்கும் போயிட்டேன். மொத்த டீமையும் வேலைய விட்டு அனுப்பிட்டாங்கக்கா. வெள்ளிக்கிழமை சம்பள நாள், அவ கையில ஏதாவது குடுக்கணுமே.

— உள்ளத அவகிட்டச் சொல்லிடேன்டா.

— எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு? தெரிஞ்சா இடிஞ்சு உக்காந்துடுவா.

— கடைசியா ஒண்ணு இருக்கு. நேத்து வந்தது. இதுலயும் பூனைக்காசு இருக்கு.

— நேத்து நான் எதுவும் எழுதலையே.

— அது எனக்கும் படிச்சப்பதான் உறைச்சது. அந்த வார்த்தைய நீ இன்னொருத்திக்கும் சொல்லிக் குடுத்திருக்க. உன் பொண்ணு ஏன் அப்படி ஒரு கேள்வி கேட்டான்னும் அப்பதான் புரிஞ்சுது.

— என்னக்கா சொல்ற?

— உன்கிட்ட காட்டறது தப்பாக்கூட இருக்கலாம், கடவுள் மன்னிக்கட்டும். வெள்ளிக்கிழமைக்குள்ள நீ அந்தக் குழியில விழுந்துடக் கூடாது. இந்தா, போனைப் பிடி. நீயே படி. நான் பால் பொங்குதான்னு பாத்துட்டு வர்றேன்.

— “வேலை போனத அவரே சொல்லட்டும், நான் கேக்கக் கூடாதுன்னு இருக்கேன். அவர் தூங்கினப்புறம் என் பூனைக்காசுலேருந்து எடுத்து அவர் பர்ஸ்ல வெக்கறேன். சந்தேகம் வராம தினம் எவ்வளவு வெக்கலாம்? எனக்கு வேலை இல்லாதப்ப, நான் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள அவர் என் பையில வெச்சாரே, அதே அளவு போதுமா?”