எண்ணெய் குடிக்கிற உடம்பு

இசபெல்: ...அதுல பாதி போரும், கிளாரா. ஒரு கைப்பிள்ளைக்கு ஒரு பானை உருக்கெண்ணெயா? நீ பிள்ளைய வளக்கியா, பொரிச்சு எடுக்கியா?

கிளாரா: சிரிப்புக் காட்டாதீங்கோ மைனி. தேங்காப்பாலு வத்துற நேரம். கரண்டிய விட்டா அடி புடிச்சிரும்.

இசபெல்: இனயத்துல நான் பெத்த அம்புட்டுக்கும் சேத்து இவ்வளவு காச்சினதில்ல, கேட்டியா. முட்டத்துக்காரிக்குத் தேங்கா சும்மா கெடைக்குதோ?

கிளாரா: பிள்ளைக்கு மட்டும்னு யாரு சொன்னா? உங்க தம்பிக்கும் வேணும்லா.

இசபெல்: ...

கிளாரா: பாத்தியளா. அவிய பேச்ச எடுத்தா வாய் மூடிக்கிடுது. தம்பி திரும்பி வந்தாச்சுன்னு சொல்லிவிட்டேன். ஓடி வருவியன்னு பாத்தா, இண்ணைக்குத்தான் வழி தெரிஞ்சுது. வந்தும் அவன் எங்கன்னு கேக்கல்ல.

இசபெல்: ஒறங்குதானோன்னு நெனச்சேன்.

கிளாரா: ஒறக்கம் ஏது... உள்ளறையில படுத்திருக்காவ. வெளிய வந்தா வெயிலுக்குத் தோலு வெடிச்சிருகு. சன்னலுக்கும் சாக்கு கட்டியிருக்கேன்.

இசபெல்: நட்டுச்ச வெயில் நேரத்துல வீடு இப்பிடி இருட்டிக் கெடக்கேன்னு பாத்தேன்.

கிளாரா: பிள்ளைய மடியில வாங்குங்கோ. இந்தச் செரட்டையில ஆறின எண்ணெ இருக்கு. நீங்க பைய தேச்சுக்கிட்டே இருங்கோ, நான் இத இறக்கி வச்சிருதேன்.

இசபெல்: குடு... ஐய, எங்கம்மா மூக்கு அப்பிடியே இருக்கு. கண்ணும் மலந்து மலந்து பாக்குது. அழவே மாட்டாளா?

கிளாரா: ஒரே தடவ அழுதா. அதோட சரி.

இசபெல்: நல்ல பிள்ள. இவ அப்பன் கபிரியேலு இந்த வயசுல ஊரக் கூட்டுவான்... கிளாரா, அவன் வந்தது எப்பிடின்னு நேரா சொல்லு. நீ சொல்லிவிட்ட ஆளு சொன்னது பாதி, சொல்லாதது பாதி.

கிளாரா: என்னத்தச் சொல்ல? ஆடிக் காத்துல கட்டுமரம் ஏறிப் போனவியள ஊரே கையக் கழுவிட்டு. நான் மட்டும் தாலியக் கழட்ட மாட்டேன்னு நிண்ணேன். பேறுக்கு முந்துன ஞாயித்துக்கிழம. எல்லாவனும் பூசைக்குப் போயிட்டான். பின்வாசல்ல யாரோ பிராண்டுற மாதிரி இருந்துது. தெறந்தா, நிக்காவ.

இசபெல்: நிண்ணு?

கிளாரா: தாகம்னு சொன்னாவ. வெள்ளம் கொண்டு குடுத்தேன். குடிக்கல்ல. கையில ஊத்தி மேலெல்லாம் தடவிக்கிட்டாவ.

இசபெல்: எங்க இருந்தியன்னு நீ கேக்கல்லியா?

கிளாரா: கேக்கல்ல.

இசபெல்: கெட்டினவன் மாசக்கணக்கா இல்லாம இருந்து வந்திருக்கான். ஒரு வார்த்த கேக்காம இருந்தியா?

கிளாரா: அந்த மேனியக் கண்டா உங்களுக்கும் கேக்கத் தோணாது மைனி. காஞ்ச கருவாடு மாதிரி, ஒரு மினுக்கம் கெடையாது. முழங்கையில, குதிகால்ல விரலு போற மாதிரி வெடிப்பு. ஆனா ஒரு சொட்டு ரெத்தம் இல்ல. படுத்து எந்திரிச்ச பாயில வெள்ளையா பொடி. காலையில அதத் தூத்து வாருறதே ஒரு வேலை.

இசபெல்: உப்பாயிருக்கும். கடல்ல கெடந்த உடம்பு.

கிளாரா: நானும் உப்புன்னுதான் நெனச்சேன். நல்ல கெணத்து வெள்ளத்துல குளிப்பாட்டினேன். அவிய மாமன் கொழும்புல இருந்து கொண்டு வந்த வாசன சோப்பு ஒண்ணு வச்சிருந்தேன், அதப் போட்டேன். அது இன்னும் மோசம். நுரை காயுறதுக்குள்ள தோலு இழுத்துக்கிட்டு, முதுகுல பாளம் பாளமா எந்திரிச்சிட்டு.

இசபெல்: வறண்ட மேனிக்கு எவளாவது சோப்பு போடுவாளா?

கிளாரா: புத்தி கெட்டுப் போச்சு. பொறவு பயத்தம்மாவும் தயிரும் கொழச்சுத் தேச்சேன். புன்னக்கா எண்ணெ போட்டுப் பாத்தேன். பிடிக்கல்ல. இந்த உருக்கெண்ணெதான் கேட்டுது. அதுவும் ஈரம் காயுறதுக்கு முன்ன தேய்க்கணும். துவட்டிட்டுத் தேச்சா வீணு. கொதிச்ச வெள்ளமும் ஆகாது, பிள்ளைக்கு ஊத்துற இளஞ்சூடுதான்.

இசபெல்: இவ்வளவும் செஞ்சும் தீரல்லன்னா...

கிளாரா: தேய்க்கத் தேய்க்கக் குடிக்குது மைனி. கையெடுக்குறதுக்குள்ள எண்ணெ தோலுக்குள்ள போயிருகு. மணல்ல ஊத்தினாப்போல. சாயங்காலம் வரைக்கும் மினுமினுன்னு இருக்காவ. பொறவு பழையபடி வெள்ள பூக்க ஆரம்பிக்கும்.

இசபெல்: ...சாப்பாடு?

கிளாரா: இதுதான்.

இசபெல்: சோறு, கஞ்சி, மீனு?

கிளாரா: சாளைக்கறி வச்சா தட்டத் தொடாத ஆளா உங்க தம்பி? இப்பம் தள்ளி வச்சிருதாவ. எனக்கென்ன, ஒரு வேல கொறஞ்சுது.

இசபெல்: வெளையாடாத.

கிளாரா: வெளையாடல்ல. ஒரு வெதத்துல சொகம்தான். தோலு காஞ்சா மட்டும் என் பேரச் சொல்லிக் கூப்பிடுவாவ. முன்னக் காட்டிலும் நல்ல மனசா இருக்காவ.

இசபெல்: கிளாரா, அந்தக் கரண்டியக் கீழ வையி. இங்க வந்து இரி.

கிளாரா: எண்ணெ கக்கி வருது மைனி, இந்நேரம் விட்டா கருகிரும்.

இசபெல்: கருகட்டும். கடக்கரை வெளக்குமாடத்துக்குக் கீழ எங்க வீட்டுக்காரரு வில்லுவண்டிய வச்சிக்கிட்டு நிக்காரு. உடுத்த சீலையோட நீயும் பிள்ளையும் எங்கூட வாங்க. இனயத்துல வந்து இருங்க.

கிளாரா: மத்தியாஸ் அண்ணன் வந்திருக்காவளா? வீட்டுக்குள்ள வந்தா என்ன?

இசபெல்: வரமாட்டாரு. பயந்து நிக்காரு.

கிளாரா: சுறா வாயில கைய விட்டு தூண்டிய எடுக்குற ஆளு. எதுக்குப் பயம்?

இசபெல்: அவரு கையாலதான் உன் மாப்பிள்ளையக் கரைக்கு இழுத்துப் போட்டாரு.

கிளாரா: எந்தக் கரைக்கு? எப்பம்?

இசபெல்: சத்தம் போடாத. அவன் கேட்டிரப் போறான்... இனயம் கரையில ஒதுங்கினான். வலை இழுக்கப் போனவிய கண்டு வந்து சொன்னாவ. மூஞ்சிக்கு ஒண்ணும் ஆகல்ல, அதான் உடனே அடையாளம் தெரிஞ்சுது. மேலெல்லாம் உப்புல ஊறி வெளுத்து, வெயிலுல காஞ்சு... எனக்குத் தாங்கல்ல கிளாரா. அப்பிடியே மண்ணுல வைக்க மனசு வரல்ல. குளிப்பாட்டி, தலையில இருந்து கால் வரைக்கும் எண்ணெ தேச்சேன். சின்னதுல அம்மா கெடத்தித் தேய்ப்பால்லா, அதப்போல.

கிளாரா: எங்கிட்ட சொல்லல்ல.

இசபெல்: எப்பிடிச் சொல்ல? நீ நெறமாசம். கேட்ட எடத்துல நீயும் போயிருவியோன்னு பயம். பேறு முடியட்டும், பொறவு நானே வந்து சொல்லுதேன், அதுவரைக்கும் வாயத் தெறக்கப்படாதுன்னு உங்க அண்ணன்கிட்ட சத்தியம் வாங்கினேன். கோயில்லயும் சொல்ல வழியில்ல. மீன் குத்தகைச் சண்டையில அவன விலக்கி வச்சிருந்தாவல்லா. கல்லறைத் தோட்டத்துல எடம் கெடைக்காது. சாமியாரு இல்லாம, மணி அடிக்காம, எங்க தென்னந்தோப்புல நானும் அவருமா மண்ணு போட்டோம்.

கிளாரா: குழியப் பாத்தியளா?

இசபெல்: என்னது?

கிளாரா: நான் அவிய வந்தாச்சுன்னு சொல்லிவிட்ட பொறவு. போய்ப் பாத்தியளா?

இசபெல்: ...பாத்தோம். அதுதான் இத்தன நாளு காலு வரல்ல. மேல மண்ணு போட்டபடியே கெடந்துது, ஒரு நண்டு வளை கூட இல்ல. அவரு தோண்டினாரு. சுத்திப் பொதிஞ்ச பாய் இருந்துது. சுருட்டின சுருட்டு அவுறல்ல. உள்ள ஆளு இல்ல.

கிளாரா: பிள்ளைக்கு முதுகுல தேயுங்கோ மைனி.

இசபெல்: நான் என்ன சொல்லுதேன், நீ என்ன சொல்லுத? உள்ள கெடக்குறது செத்தவன். என் கூடப் பெறந்தவன்தான். நான் அவனுக்காக அழுத அழுகை எனக்குத் தெரியும். ஆனா அவன் கூட நீ ஒரு நாளு கூட இருக்கப்படாது.

கிளாரா: செத்தவியன்னு எனக்குத் தெரியும்.

இசபெல்: ஏட்டி...

கிளாரா: வந்த அண்ணைக்கே தெரியும். குளிப்பாட்டக் காலத் தூக்கினேன். செத்தவியளுக்குப் பெருவிரல் ரெண்டையும் சேத்துக் கட்டுவோம்லா, அந்தக் கட்டு அறுந்து இடதுகால்ல தொங்கிக்கிட்டு கெடந்துது. நீலச் சீலைக் கரை. உங்க கல்யாணத்துக்கு நாகர்கோயில்ல நான்தான் கூட நிண்ணு எடுத்துத் தந்த சீலை. அவுத்து அடுப்புல போட்டேன். பொறவு எண்ணெ தேச்சேன்.

இசபெல்: மாதாவே... தெரிஞ்சா வச்சிருக்க? தெரிஞ்சா தொடுத?

கிளாரா: கெட்டினவியதானே மைனி.

இசபெல்: உனக்கு ஆசை கண்ண மறைக்கு. சரி, நீ இரு. உன் உசுரு, உன் பாடு. பிள்ளைய நான் கொண்டு போறேன். அதுக்கு ஒரு ஞானஸ்நானம் குடுத்து, வெளிச்சத்துல வச்சு வளக்கணும். இது ஒண்ணுதான் எங்க அப்பன் குடும்பத்துல மிச்சம். இத அவன் பக்கத்துல விட மாட்டேன்.

கிளாரா: அந்த நடையத் தாண்டாதீங்கோ. கெஞ்சிக் கேக்கேன்.

இசபெல்: கையப் பிடிக்காத.

கிளாரா: வெயிலு காட்டாதீங்கோன்னு சொல்லுதேன்.

இசபெல்: வெயிலு பட்டா பிள்ளைக்கு என்ன ஆகும்? என்னட்டி ஆகும், சொல்லு.

கிளாரா: அவ பெறந்தப்பம் அழல்ல மைனி. வயித்தாட்டி காலப் பிடிச்சுத் தூக்கித் தட்டினா, வாயில ஊதினா. ஒண்ணும் இல்ல, நீலமா கெடந்தா. துணியில சுத்தி மூலையில வச்சிட்டு, உங்களுக்குச் சொல்லிவிட ஆளு தேடிப் போனா. அப்பம்தான் அவிய உள்ள இருந்து எந்திரிச்சு வந்தாவ. துணிய அவுத்து எடுத்து, எண்ணெ ஊறின நெஞ்சுல சாச்சு வச்சிக்கிட்டாவ. அப்பம் அழுதா, அந்த ஒரு தடவ. திரும்பி வந்த வயித்தாட்டி சிலுவ போட்டுட்டு ஓடினவ, இந்தத் தெருப்பக்கம் தலை காட்டல்ல... இருங்கோ மைனி, உக்காருங்கோ. பேசிக்கிட்டே தேய்க்கத விட்டுட்டியளே. அவ கையப் பாருங்கோ, வெள்ள பூக்க ஆரம்பிச்சிட்டு.