எழுபத்து நாலு பெர்மிட்

இஷ்ஃபாக்: ஏணியை என் வண்டி மேல சாய்ச்சீங்கன்னா, கவுன்சில்தான் பெயின்ட் அடிச்சுத் தரணும். இப்பவே சொல்லிட்டேன்.

டோரீன்: அப்ப வண்டியை முன்னால எடுங்க. கம்பத்துல முதுகு சொறியற மாதிரி ஒட்டி நிறுத்தினா நான் எங்க ஏறுறது?

இஷ்ஃபாக்: எங்க எடுக்கச் சொல்றீங்க? முன்னால ரஃபாகத் நிக்கிறான். அவனுக்கு சவாரி வந்தாத்தான் எனக்கு நகர இடம். டாக்சி ஸ்டாண்டுல வரிசை மாறக்கூடாதுன்னு சட்டம் போட்டதே நீங்கதானே.

டோரீன்: நான் போடல. நான் காத்து அளக்கிறவ. இஞ்சினையாவது அணைங்க, மூக்கு எரியுது.

இஷ்ஃபாக்: அணைச்சா ஹீட்டரும் நிக்குமே... பிப்ரவரி மாசம், டோரீனம்மா. எங்க ஊர் மீர்பூர்லேருந்து இந்தச் சீமைக்கு வந்து நாப்பது வருஷம் ஆச்சு. இந்த ஊர்க் குளிர் இன்னும் எங்கிட்ட ராசியாகல.

டோரீன்: ஒன்பது வருஷமா மாசா மாசம் இங்க வர்றேன். போன குளிருக்கு பனி முழங்கால் வரைக்கும் கொட்டுச்சு. அப்பக்கூட அணைச்சுட்டு, ரெண்டு கோட்டைப் போட்டுக்கிட்டு, டீசல் விலையைத் திட்டிக்கிட்டு உக்காந்திருந்தீங்க.

இஷ்ஃபாக்: வயசு ஏறுதில்ல... சரி சரி, அணைச்சாச்சு. ஏறுங்க, ஏணியை நான் பிடிக்கிறேன். நீங்க விழுந்து வச்சா அதுக்கும் டாக்சிக்காரன்தான் காரணம்பாங்க.

டோரீன்: ஆட்டாதீங்க... ம், குழாய் கையில வந்துருச்சு.

இஷ்ஃபாக்: விரல் நீளம்கூட இல்ல. இதுவா ஊர்க் காத்தை அளக்குது?

டோரீன்: இதேதான். மூடிக்குள்ள ஒரு மருந்து தடவியிருக்கும். மாசம் பூரா புகையை வாங்கிக்கிட்டு சும்மா தொங்கும். ஒரு வார்த்தை பேசாது. ஆனா ஒண்ணு விடாம ஞாபகம் வச்சிருக்கும்.

இஷ்ஃபாக்: எம்பொண்டாட்டி மாதிரி.

டோரீன்: அவங்களா? அவங்க நல்லாப் பேசுவாங்களே!

இஷ்ஃபாக்: முன்ன பேசினா. இப்ப எங்க வீட்டுல யாரும் யாரோடயும்... அதை விடுங்க. வியாழக்கிழமைதானே கவுன்சில் கூட்டம்? எங்க பக்கம்தானே முடிவு?

டோரீன்: உங்க பக்கம்னா?

இஷ்ஃபாக்: தெரியாத மாதிரிக் கேக்கறீங்க பாருங்க. இந்த ஊருக்கு எழுபத்து நாலு டாக்சி பெர்மிட். அதுக்கு மேல ஒண்ணு கூடாது. அதான் எங்க பக்கம்.

டோரீன்: செப்டம்பர்ல மெம்பருங்க அதை எடுத்துடணும்னாங்க. நாப்பது பேர் பட்டியல்ல காத்திருக்காங்க, கேக்கிறவங்களுக்கெல்லாம் கொடுத்துடலாம்னு.

இஷ்ஃபாக்: ஆமா. காத்து கெட்டிருந்தா மட்டும் எழுபத்து நாலோட நிறுத்தலாம்னு ஒரு வரியும் சேர்த்தாங்க. அதை விட்டுட்டீங்களே.

டோரீன்: மனப்பாடமா வச்சிருக்கீங்க.

இஷ்ஃபாக்: பிழைப்பாச்சே. கடவுள் புண்ணியத்துல காத்து கெட்டுப் போச்சு.

டோரீன்: காத்து கெட்டதுக்கு சந்தோஷப்படற ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன்.

இஷ்ஃபாக்: சந்தோஷம்னு இல்ல... ஒரு நிம்மதி.

டோரீன்: அந்தப் பட்டியல்ல முதல் ஆள் ஒரு பொண்ணாம், தெரியுமா? லைசென்ஸ் பிரிவுல சொன்னாங்க. பேர் சொல்லல. மூணு வருஷமாக் காத்திருக்காளாம். கிடைச்சா இந்த ஊர்ல பெர்மிட் வாங்குற முதல் பொம்பளை அவதான்.

இஷ்ஃபாக்: பொம்பளைப் புள்ளைக்கு எதுக்கு இந்தத் தொழில்?

டோரீன்: ஏன், ஸ்டீரிங் கடிக்குமா?

இஷ்ஃபாக்: சிரிக்காதீங்க. என் காதைப் பாருங்க. ஏழு தையல். குடிச்சுட்டு ஏறினவன், காசு கேட்டதுக்கு பாட்டிலால அடிச்சான். இது ஆம்பளைக்கு. அவளுக்குன்னா...

டோரீன்: அவ பயப்படலயே.

இஷ்ஃபாக்: அவ பயப்பட மாட்டா. பெத்தவன்தான் பயப்படுவான்.

டோரீன்: அது என்னமோ வாஸ்தவம்... சரி, நான் விஷயத்துக்கு வர்றேன். செப்டம்பர் வரைக்கும் இந்தக் கம்பத்துப் புகைக் கணக்கு முப்பத்து மூணு. நாப்பதுதான் எல்லை. அக்டோபர்ல நாப்பத்தெட்டு. நவம்பர்ல அறுபத்தொண்ணு. டிசம்பர்ல எழுபது.

இஷ்ஃபாக்: கிறிஸ்துமஸ் கூட்டம்.

டோரீன்: அக்டோபர்லயா?

இஷ்ஃபாக்: ...இப்பல்லாம் சீக்கிரமே ஆரம்பிச்சுடறாங்க.

டோரீன்: இந்தத் தெருவுல இன்னும் நாலு கம்பத்துல குழாய் இருக்கு. ஒண்ணும் அசையல. கூட்டமெல்லாம் உங்க கம்பத்தடிக்கு மட்டும்தான் வந்துச்சா?

இஷ்ஃபாக்: காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ...

டோரீன்: எதிர்த்த பேக்கரி எட்னா வேற மாதிரி சொல்றா. கம்பத்தடிக்கு எந்த வண்டி வந்தாலும் இஞ்சின் போடுதாம். அதைத் தாண்டினதும் அணைச்சுடுதாம். அடுத்தவன் வந்ததும் அவன் போடறானாம். காலையில ஏழு மணிலேருந்து, ஞாயித்துக்கிழமைகூட லீவு இல்லையாம்.

இஷ்ஃபாக்: எட்னாவா? பெருநாளைக்கு ரெண்டு டப்பா சமோசா வாங்கித் தின்னுட்டு...

டோரீன்: சமோசா நல்லா இருந்துச்சுன்னும் சொன்னா. கையெழுத்துப் போட்டுத் தர மாட்டேன்னுட்டா. எழுபத்து நாலு பேரும் அவகிட்டதானே டீ குடிக்கறீங்க.

இஷ்ஃபாக்: அப்பச் சரி. எழுத்துல இல்லாதது எதுவும் நடக்கல.

டோரீன்: இஷ்ஃபாக், உங்களுக்கு ஒண்ணு தெரியல. நாப்பது தாண்டினா ஒரு சட்டம். அறுபது தாண்டினா வேற சட்டம்.

இஷ்ஃபாக்: என்ன, ஒரு பெர்மிட்டுகூடக் கூடாதும்பாங்க. அதானே நாங்க கேக்கறது?

டோரீன்: இல்ல. அறுபதுக்கு மேல போனா ஒரு மணி நேரம் நின்னாலே உடம்புக்கு ஆகாத இடம்னு அர்த்தம். இங்க வண்டியே நிக்கக்கூடாது. ஸ்டாண்டை எடுக்கச் சொல்லி அறிக்கை ரெடியா இருக்கு. வியாழக்கிழமை கூட்டத்துல அதுவும் வருது.

இஷ்ஃபாக்: ...ஸ்டாண்டையா? எங்க கொண்டு போவாங்க?

டோரீன்: பழைய கேஸ் கிடங்குக்குப் பின்னால.

இஷ்ஃபாக்: யா அல்லா! அங்க எவன் வருவான்? மார்க்கெட்ல உருளைக்கிழங்கு வாங்கிட்டு ரெண்டு கையிலயும் பையோட அந்த மேட்டுல ஏறுவாங்களா?

டோரீன்: ஏற மாட்டாங்க. போன்ல வேற காரைக் கூப்பிட்டுக்குவாங்க.

இஷ்ஃபாக்: எழுபத்து நாலு குடும்பம்... இருங்க, இருங்க. நாப்பதைத் தாண்டினாப் போதும்னுதானே நாங்க... கொஞ்சமாத்தானே...

டோரீன்: ம்.

இஷ்ஃபாக்: ...வாயை விட்டுட்டேன்.

டோரீன்: இந்தக் குழாய்க்குக் கொஞ்சம் எது, ஜாஸ்தி எதுன்னு தெரியாது. நீங்களும் அளந்து விடல. உப்புப் போடறேன்னு போட்டு, கறியையே கெடுத்துட்டீங்க.

இஷ்ஃபாக்: டோரீனம்மா... அந்தக் குழாய் கீழ விழுந்து உடைஞ்சுபோச்சுன்னு எழுதிடுங்களேன். இப்பவே தட்டி விடறேன்.

டோரீன்: ஒன்பது வருஷத்துல ஒரு எண்ணைக்கூட நான் மாத்தி எழுதினதில்ல. இதை உடைச்சாலும் மிச்ச மூணு மாசம் ஆபீஸ்ல இருக்கு... மேல பாருங்க. எட்னா கடைக்கு மேல, அந்த ஜன்னல். குழந்தைத் துணி காயுது.

இஷ்ஃபாக்: பாத்திருக்கேன்.

டோரீன்: பாத்துட்டுமா?

இஷ்ஃபாக்: பாத்துட்டுத் தலையைத் திருப்பிக்கிட்டேன். வேற என்ன சொல்ல... தப்புதான். வழி ஏதாவது இருக்கா?

டோரீன்: ஒண்ணே ஒண்ணு. வேணும்னே குழாயடியில புகை விட்டோம்னு யாராவது எழுதிக் கொடுத்தா, அந்த மாசங்களோட கணக்கெல்லாம் தள்ளுபடி. ஸ்டாண்டு இங்கேயே இருக்கும். பெர்மிட் விஷயத்தையும் ஒத்தி வச்சுட்டு, முதல்லேருந்து ஒரு வருஷம் அளப்போம். அது வரைக்கும் எழுபத்து நாலு எழுபத்து நாலுதான்.

இஷ்ஃபாக்: எழுதிக் கொடுத்தவன்?

டோரீன்: பொய்க் கணக்கு காட்ட வச்சவருக்கு பெர்மிட் தங்காது.

இஷ்ஃபாக்: எல்லார்துமா போகும்?

டோரீன்: கிளப்பி விட்டவரோடது போகும். மத்தவங்களுக்கு எச்சரிக்கை வரும்.

இஷ்ஃபாக்: அந்த எழுதற பலகையைக் கொடுங்க. பேனாவும்.

டோரீன்: யோசிச்சு... ரஃபாகத்தைக் கூப்பிட்டுப் பேசுங்க முதல்ல. நாலு பேரைக் கலந்துக்கிட்டு...

இஷ்ஃபாக்: அவனுங்களைக் கேக்க வேணாம். "சாச்சா, கட்டுப்பாடு போனா பிழைப்பு போச்சு"ன்னு புலம்பத்தான் புலம்பினாங்க. கம்பத்தடியில இஞ்சினைப் போடுங்கடான்னு சொன்னது நான். வீடு வீடாப் போயிச் சொன்னேன். நல்லா இல்லன்னு ரஃபாகத் சொன்னான். அவன் வாயையும் அடைச்சேன்.

டோரீன்: நீங்களா? அடுத்த வருஷம் வண்டியை விட்டுட்டு ஊருக்குப் போறேன்னு போன மாசம்தானே சொன்னீங்க? நாளைக்கு நூறு பெர்மிட் கொடுத்தா உங்களுக்கு என்ன நஷ்டம்?

இஷ்ஃபாக்: எழுத விடுங்க... "வேணும்னே"க்கு இங்கிலீஷ்ல எழுத்து என்ன? எனக்குப் பேசத்தான் வரும்.

டோரீன்: எழுத வராதா?

இஷ்ஃபாக்: அவ்வளவா வராது.

டோரீன்: ...உருதுல எழுதினாலும் போதும். ஆபீஸ்ல ஆள் இருக்கு.

இஷ்ஃபாக்: அப்ப இந்தாங்க, ஒரு நிமிஷம்... முப்பத்தோரு வருஷம் ஓட்டியிருக்கேன், டோரீனம்மா. ஒரு புகார் கிடையாது. கடைசில போயும் போயும் புகைக்காக.

டோரீன்: எனக்கும் நல்லா இல்ல, இஷ்ஃபாக். இந்த ஸ்டாண்டுல எனக்கு வணக்கம் சொல்ற ஆளு நீங்க ஒருத்தர்தான். மத்தவங்க என்னைப் பாத்தாலே கண்ணாடியை ஏத்திக்குவாங்க.

இஷ்ஃபாக்: இனிமே இறக்குவாங்க. ஸ்டாண்டைக் காப்பாத்தினவங்களாச்சே... கையெழுத்து இங்கதானே?

டோரீன்: இங்க. தேதியும்... ஒண்ணு சொல்லணும், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பெர்மிட் கவுன்சிலுக்குத் திரும்பினா சும்மா இருக்காது. பட்டியல்ல முதல்ல இருக்கிற அந்தப் பொண்ணுக்குத்தான் போகும்.

இஷ்ஃபாக்: தெரியும்.

டோரீன்: கோபம் வரலயா?

இஷ்ஃபாக்: காலையில வரைக்கும் இருந்துச்சு... அவ நல்லா ஓட்டுவா. நிதானமா ஓட்டுவா.

டோரீன்: உங்களுக்கு எப்படி... சரி, முப்பத்தோரு வருஷம் வச்சிருந்த பெர்மிட். யார் கைக்குப் போகுதுன்னாவது தெரிய வேணாமா? நாளைக்கு லைசென்ஸ் பிரிவுல கேட்டு, பேரு என்னன்னு சொல்லட்டுமா?

இஷ்ஃபாக்: வேணாம், டோரீனம்மா. அவளுக்குப் பேர் வச்சதே நான்தான்.